முகத்திலும் கழுத்திலும் காயம்: அவசரப் பிரிவில் கண்டறிதலும் மதிப்பிடுதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்துப் பிரிவில் புதிதாகச் சேரும் ஹவுஸ் சர்ஜன்களும் செவிலியர்களும், 108 ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர்களும், சில நேரங்களில் காயம்பட்டவரின் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டு அவசரப் பிரிவுகளில் நாள்தோறும் காணும் காயங்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

முகமெல்லாம் ரத்தமாக ஒருவர் கொண்டுவரப்படும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பார்ப்பதைவிடக் கேட்பதே முக்கியம். அவருடைய பெயரைக் கேளுங்கள். தெளிவான குரலில், மூச்சு வாங்காமல், ஒரு முழு வாக்கியமாகப் பதில் வந்தால், மூச்சுப்பாதை அப்போதைக்குத் திறந்திருக்கிறது, நுரையீரல் வேலை செய்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்ற மூன்றையும் அந்த ஒரே பதில் சொல்லிவிடும். பதிலோடு களகளவென்ற ஒலி வந்தால் தொண்டையில் ரத்தமோ எச்சிலோ தேங்கியிருக்கிறது. மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்டால் குரல்வளை அருகே பாதை குறுகிக்கொண்டிருக்கிறது. இதற்கு முன் சாதாரணமாக இருந்த குரல் இப்போது கரகரக்கிறது என்று கூட வந்தவர் சொன்னால், முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தைத் திறந்து பாருங்கள்.

முகத்துக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். கிழிந்த ஒரு உதடு சட்டை முழுவதையும் நனைத்துவிடும். அதனால்தான் வாசலில் நிற்கும் அனைவருடைய கண்ணும் முகத்திலேயே நிலைத்துவிடுகிறது. ஆனால் முகக்காயம் மட்டுமே காரணமாக ஒருவர் அதிர்ச்சி நிலைக்குப் போவது அரிது. ரத்த அழுத்தம் இறங்கினால் மார்பு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை ஆகியவற்றில் காரணத்தைத் தேட வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: முகத்தின் நடுப்பகுதி எலும்புகள் நொறுங்கியவருக்கு ரத்தம் வெளியே வராமல் தொண்டையின் பின்புறமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அவர் அதை விழுங்கிக்கொண்டிருப்பார், பிறகு திடீரென்று ஒரு கிண்ணம் கறுத்த ரத்தத்தை வாந்தியெடுப்பார். வாயைத் திறந்து, டார்ச் அடித்து, உள்நாக்குக்குப் பின்னால் ரத்தம் வழிகிறதா என்று பார்த்தாலொழிய இது தெரியாது.

ரத்தப்போக்கை நிறுத்த டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்கலாமா?

பெருமளவு ரத்தம் போகிறது என்ற ஐயம் இருந்தால் கொடுக்கலாம். ஆனால் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டது. அதில் பயன்படுத்திய முதல் அளவு 10 நிமிடத்தில் 1 கிராம் ஆகும். 3 மணி நேரம் கடந்து கொடுத்தால் நன்மைக்குப் பதில் தீங்கு நேரலாம் என்பதும் அதே ஆய்வின் தரவுகளிலிருந்து தெரியவந்தது. ஆகவே விபத்து நடந்த நேரத்தைக் கேட்டு எழுதாமல் இந்த மருந்தைத் தொடாதீர்கள்.

படுக்க மறுத்து எழுந்து உட்காருகிறவரைப் பிடித்துப் படுக்க வைக்கலாமா?

கூடாது. அவசரப் பிரிவில் நடக்கும் தவறுகளில் மிகவும் வருந்தத்தக்கது இதுதான் என்பது என் கருத்து. பைக்கிலிருந்து விழுந்து கீழ்த்தாடை இருபுறமும் முறிந்த ஓர் இளைஞரை, குடித்துவிட்டு முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்து, நான்கு பேர் கையையும் காலையும் அழுத்திப் படுக்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். படுத்த மாத்திரத்தில் உதடு நீலம் பாரித்தது. மானியில் ஆக்சிஜன் அளவு 80-க்குக் கீழே இறங்கியது. மூத்த செவிலியர் ஒருவர்தான், "விடுங்க, அவரே உட்காரட்டும்" என்றார். அந்த இளைஞர் எழுந்து, முழங்கால் மேல் கையூன்றி, முன்னால் குனிந்து, கோழையும் ரத்தமுமாகத் தரையில் வழியவிட்டார். இரண்டு நிமிடத்தில் அளவு 96-க்கு ஏறியது.

நடந்தது இதுதான். நாக்கை முன்னே பிடித்து நிறுத்துவது மோவாய் எலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தசைகள். இருபுறமும் தாடை முறிந்தால் அந்த நடுத்துண்டு நாக்கோடு சேர்ந்து பின்னால் சரிகிறது. மல்லாந்து படுத்தால் அது தொண்டையை அடைத்துவிடும். அப்படிப்பட்டவர் தாமாகவே தமக்கு மூச்சு வரும் நிலையைத் தேடிக்கொள்கிறார். அவரை அப்படியே உட்கார விட்டு, கழுத்தைக் கையால் தாங்கி, ரத்தத்தையும் கோழையையும் உறிஞ்சும் சக்ஷன் குழாயை அவர் கையிலேயே கொடுப்பது நல்லது. இப்படி முரண்டு பிடிப்பவரைப் பார்த்தால் போதையில் இருக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆக்சிஜன் குறைவு என்று நினையுங்கள்.

மூச்சுப்பாதை அடைபடும்போது மூக்கு வழியாகக் குழாய் செலுத்தலாமா?

முகத்தின் நடுப்பகுதியோ மண்டையோட்டின் அடித்தளமோ முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்வரை மூக்கு வழியாக எதையும் செலுத்த வேண்டாம். இரைப்பைக் குழாயையும் வாய் வழியாகவே போடுங்கள். சக்ஷன், தாடையை முன்தள்ளுதல், நாக்கை இழுத்துப் பிடித்தல் என்ற எளிய வழிகளே பெரும்பாலும் நேரம் வாங்கித் தரும். நொறுங்கிய முகத்தில் மாஸ்க் சரியாகப் பொருந்தாது. ஆகவே மயக்க மருந்து கொடுத்துத் தசைகளைத் தளர்த்துவதற்கு முன்பே, குழாய் உள்ளே போகாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்து, கத்தியையும் குழாயையும் தட்டில் எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த அடுத்த வழி, பேச்சுவழக்கில் சங்கு என்று சொல்லும் கேடயக் குருத்தெலும்புக்கும் அதன் கீழேயுள்ள வளையக் குருத்தெலும்புக்கும் இடைப்பட்ட சவ்வைக் கீறி மூச்சுக்குழாயைத் திறப்பதாகும். சிறு குழந்தைகளுக்கு இந்தக் கீறல் பொருந்தாது. குரல்வளையே நசுங்கியிருந்தால், கைதேர்ந்தவர் ஒருவர் நோயாளி விழித்திருக்கும்போதே அதற்குக் கீழே மூச்சுக்குழாயைத் திறப்பதுதான் பாதுகாப்பானது.

முகத்தில் அடிபட்ட எல்லோருக்கும் கழுத்துப் பட்டை போட வேண்டுமா?

முகத்தை உடைக்கும் அளவுக்கு மோதிய விசை கழுத்தெலும்பையும் உலுக்கியிருக்கும் என்று கருதித் தொடங்குவது சரியே. பட்டையை எப்போது கழற்றலாம் என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. 2000-இல் வெளியான நெக்சஸ் விதிப்படி, கழுத்தின் நடுக்கோட்டில் அழுத்தினால் வலியில்லை, போதை இல்லை, முழு நினைவு இருக்கிறது, நரம்புக் குறைபாடு இல்லை, கவனத்தைத் திசைதிருப்பும் வேறு பெரிய வலி இல்லை என்ற ஐந்தும் அமைந்தால் படம் எடுக்க வேண்டியதில்லை. நொறுங்கிய தாடையின் வலியே கவனத்தைத் திசைதிருப்பப் போதுமானது என்பதால், முகக்காயக்காரர்களில் பலர் இந்த விதியில் தேறமாட்டார்கள். 2001-இல் வந்த கனடிய விதி 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களையும் கை கால் மரத்துப் போனவர்களையும் நேராக ஸ்கேனுக்கு அனுப்புகிறது. ஆபத்தில்லாதவர்களிடம் மட்டும் கழுத்தை இருபுறமும் 45 பாகை தாமாகத் திருப்பச் சொல்லிப் பார்க்கிறது.

கத்திக்குத்து, கண்ணாடி வெட்டு போன்ற துளைக்கும் காயங்கள் வேறு வகை. கை கால் செயலிழப்பு இல்லாதவருக்கு அங்கே பட்டை போட்டால், பெருகும் வீக்கத்தை அது மறைத்துவிடும். அவர்களுக்குப் பட்டை தேவையில்லை.

ஸ்கேனுக்கு முன்பே எலும்பு முறிவைக் கையால் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். வீக்கம் ஏறிவிட்டால் உள்வாங்கிய கன்னமும் நிமிர்ந்ததுபோல் தெரியும். தலைமாட்டில் நின்று நெற்றியின் மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தால் இரு கன்ன எலும்புகளின் உயர வேறுபாடு தெரியும். பிறகு கண்குழியின் விளிம்பு, கன்ன எலும்பு, மூக்கு, தாடை என்று இரு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் இருபுறமும் தடவி வர வேண்டும். கன்னம், மூக்கின் பக்கவாட்டு, மேலுதடு ஆகியவை மரத்திருந்தால் கண்குழியின் தரையோ கன்ன எலும்போ முறிந்திருக்கக்கூடும். கீழுதடு மரத்திருந்தால் கீழ்த்தாடையைச் சந்தேகியுங்கள்.

எல்லோரிடமும் ஒரேபோல் உதவும் கேள்வி ஒன்று உண்டு: "பல் வழக்கம்போல் சேர்கிறதா?" இல்லை என்று அவர் சொன்னால், முறிவு இல்லை என்று நிறுவும் பொறுப்பு நம்முடையது. நாக்கை அழுத்தும் மரக்குச்சியைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே கடிக்கச் சொல்லித் திருகிப் பாருங்கள். குச்சி உடையும்வரை இருபுறமும் கடித்துப் பிடிக்க முடிந்தால் கீழ்த்தாடை முறிந்திருக்கும் வாய்ப்பு குறைவு. நாக்கின் கீழே ரத்தக்கட்டு தெரிந்தால் முறிவு இருப்பதாகவே கொள்ளலாம். மோவாயில் தையல் போடும் அளவுக்குக் கிழிசல் இருந்தால், காதுக்கு முன்னால் தாடை மூட்டை அழுத்திப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். மோவாயில் வாங்கிய அடி அங்கேதான் போய் உடைக்கும்.

மேல்தாடைக்கு, ஒரு கையால் நெற்றியை அசையாமல் பிடித்து, மறு கையால் மேல்முன்பற்களை மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். பற்களும் அண்ணமும் மட்டும் அசைந்தால் முதல் வகை, மூக்கும் சேர்ந்து அசைந்தால் இரண்டாம் வகை, முகமே மண்டையிலிருந்து கழன்றதுபோல் அசைந்தால் மூன்றாம் வகை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர் இறந்தோரின் தலைகளை வைத்து ஆராய்ந்து 1901-இல் வெளியிட்ட பகுப்பு இது. உயிருள்ள மனிதர்களிடம் இவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. வலப்புறம் ஒரு வகையும் இடப்புறம் வேறு வகையுமாக இருப்பதே வழக்கம்.

இமை வீங்கி மூடிவிட்டது. கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பிறகு என்றால் இன்னும் வீங்கிவிடும். ஒவ்வொரு கண்ணாலும் விரலை எண்ணச் சொல்லி, முடியாவிட்டால் வெளிச்சம் தெரிகிறதா என்றாவது கேட்டு எழுதுங்கள். அடுத்துக் கண்மணி, அதற்கடுத்து அசைவு. மேலே பார்க்கும்போது இரண்டிரண்டாகத் தெரிந்தால் கண்குழியின் தரை உடைந்து தசை சிக்கியிருக்கலாம்.

கண் பிதுங்கி, கல்போல் இறுகி, கடும் வலியோடு பார்வை மங்கிக்கொண்டே போனால், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை நெருக்குகிறது. சுமார் 90 நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை திரும்பாமல் போகலாம். கண்ணின் வெளிக்கோணத்தைக் கீறி அதன் நாணை விடுவிக்கும் சிறு அறுவையைப் படுக்கையிலேயே செய்துவிட வேண்டும். ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கண்மணி கண்ணீர்த்துளிபோல் ஒருபக்கம் இழுபட்டிருந்தால் விழியே கிழிந்திருக்கிறது. அழுத்தாதீர்கள், களிம்பு போடாதீர்கள், பஞ்சு வைத்துக் கட்டாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை எலும்பு விளிம்பின் மேல் கவிழ்த்து ஒட்டி, வாந்தி வராமலிருக்க மருந்து கொடுத்துக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

குழந்தைகளிடம் இன்னொரு ஏமாற்று உண்டு. கண் வெள்ளையாக, வீக்கமே இல்லாமல் இருக்கும். ஆனால் குழந்தை வாந்தியெடுக்கும், நாடித்துடிப்பு குறையும். தலைக்காயம் என்று எண்ணி மண்டையை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மையில் உடைந்த எலும்பின் இடுக்கில் கண் தசை மாட்டிக்கொண்டிருக்கும். விரைவாக விடுவிக்க வேண்டும்.

மூக்கில் என்ன தேட வேண்டும்?

கோணலாகிப் போன மூக்கைச் சில நாள் கழித்து வீக்கம் வடிந்த பின்னும் நிமிர்த்தலாம். நடுச்சுவரின் இருபுறமும் ஊதாநிறத்தில் பொதபொதவென்று தெரியும் ரத்தக்கட்டோ காத்திருக்காது. குருத்தெலும்புக்குத் தன்னைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்தே ஊட்டம் கிடைக்கிறது. ரத்தம் அந்தச் சவ்வைப் பிரித்துவிட்டால் குருத்தெலும்பு அழிந்து, சீழ் பிடித்து, மூக்குத்தண்டு சேணம்போல் உட்கார்ந்துவிடும். உடனே கீறி வடிக்க வேண்டும். மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அதுவும் குனியும்போது கூடினால், மூளையைச் சூழ்ந்த நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தக் கூடாது என்று அவரிடம் சொல்லிவையுங்கள். காதுக்குப் பின்னாலும் கண்ணைச் சுற்றியும் தோன்றும் கறுப்பு பல மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால், வந்தவுடன் இல்லை என்பதைக் கொண்டு மண்டையோட்டு அடித்தளம் நலம் என்று எழுதிவிடாதீர்கள்.

விழுந்த பல்லை என்ன செய்வது?

முதலில் எண்ணுங்கள். குறையும் பல் கையிலும் இல்லை, தரையிலும் இல்லை என்றால், அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். மார்புக்கு எக்ஸ்ரே எடுங்கள். பல் கிடைத்தால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து, தேய்க்காமல் லேசாக அலசி, அதே குழியில் வைக்கலாம். 30 நிமிடத்துக்குள் வைத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள்; தேநீர்க்கடையில் கேட்டால் அரை டம்ளர் பால் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது.

கழுத்தில் வெட்டுக்காயம். ஆழத்தை எப்படி அறிவது?

தோலுக்கு நேர் கீழே தாள்போல் பரந்திருக்கும் பிளாட்டிஸ்மா தசை கிழிந்திருக்கிறதா என்று விளிம்பை விலக்கிப் பார்த்தால் போதும். கிழியவில்லை என்றால் கழுவித் தைக்கலாம். கிழிந்திருந்தால் அது பெரிய காயம் என்றே கருத வேண்டும். விரலையோ கருவியையோ உள்ளே விட்டுத் துழாவினால், ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியை நாமே பெயர்த்துவிடுவோம்.

கழுத்தை மூன்று மண்டலங்களாகப் பிரிப்பது மரபு: காறை எலும்பிலிருந்து வளையக் குருத்தெலும்பு வரை முதலாவது, அங்கிருந்து தாடைக்கோணம் வரை இரண்டாவது, அதற்கு மேல் மண்டையடி வரை மூன்றாவது. முதலும் மூன்றும் எலும்புக்குப் பின்னால் மறைந்திருப்பதால் அறுவைக்கு எளிதில் எட்டாதவை. ஆயினும் இன்று மண்டலத்தைவிட அறிகுறிகளே முடிவைத் தீர்மானிக்கின்றன. பீறிடும் ரத்தம், பெருகும் அல்லது துடிக்கும் வீக்கம், கைவைத்தால் அதிர்வு, காயத்தில் காற்றுக்குமிழி, மூச்சுத்திணறல், ஒருபக்கச் செயலிழப்பு ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் அறுவை அரங்குக்குத்தான் செல்ல வேண்டும். கரகரப்பு, விழுங்கும்போது வலி, தோலுக்கடியில் காற்று, பெருகாத வீக்கம் போன்றவை இருந்தால் ரத்தநாளங்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுக்கலாம். உணவுக்குழாய்க் கிழிசல் முதல் நாள் வாயே திறக்காது. மறுநாள் காய்ச்சலோடும் நெஞ்சுவலியோடும் வரும். அதுவரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருங்கள்.

ரத்தம் வரும் புள்ளியை இரண்டு விரலால் துணி வைத்து நேராக அழுத்துங்கள்; கழுத்தைச் சுற்றிக் கட்டுப் போடாதீர்கள். குத்தி நிற்கும் கத்தியையோ கம்பியையோ பிடுங்காதீர்கள். கழுத்து நாளம் திறந்திருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் காற்று உள்ளே உறிஞ்சப்படலாம். காயத்தை ஈரத்துணியால் மூடி, மூச்சு அனுமதித்தால் தலைப்பக்கம் தாழ்த்துங்கள்.

கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் இருசக்கர வாகனத்தில் போகிறவரின் கழுத்தை அறுப்பது இவ்வகையில் நம்மிடையே உள்ள கொடுமை. செயற்கை இழை மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்தும் அது நிற்கவில்லை. கோடு மெல்லியதாகத் தெரியும், ஆழம் தெரியாது.

வெளியே காயமே இல்லை. ஆனால் கழுத்தில் ஏதோ இழுத்தது என்கிறார். வீட்டுக்கு அனுப்பலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பைக்கின் பின்னிருக்கையில் போகும் பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றுகிறது. மாலையில் சாலையின் குறுக்கே கட்டிய கயிறு தெரியாமல் ஒருவர் மோதுகிறார். மாவு மில்லில் சேலைத் தலைப்பு பட்டையில் சிக்குகிறது. நடன மேதை இசடோரா டங்கன் 1927-இல் நீஸ் நகரில் இறந்ததும் கார்ச் சக்கரத்தில் சிக்கிய கழுத்துத்துணியால்தான். தோலில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருக்கும். உள்ளே குரல்வளை நொறுங்கியிருக்கலாம், மூச்சுக்குழாய் அறுந்திருக்கலாம், மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம்.

விரல் நுனிகளால் கழுத்தைத் தொடுங்கள். தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் நறநறத்தால் காற்று கசிகிறது. சங்கின் மேடு தட்டையாகியிருந்தால் குருத்தெலும்பு உடைந்திருக்கிறது. குரல் மாற்றம், இருமலில் ரத்தம், மல்லாந்து படுக்க முடியாமை ஆகியவற்றில் எதையும் சிறிதாக எண்ணாதீர்கள். தமனி கிழிந்தவருக்குப் பக்கவாதம் பெரும்பாலும் உடனே வராது. சில மணி நேரமோ சில நாளோ கழித்து வரும். மண்டை ஸ்கேன் தெளிவாக இருந்தும் கை விழுந்துபோனால் கழுத்தின் ரத்தநாளங்களைப் படமெடுக்க வேண்டும். காரின் சீட் பெல்ட் கழுத்தில் பதித்த தடமும் இதே எச்சரிக்கைதான்.

கழுத்து நெரிக்கப்பட்டவர்கள் விஷயத்தில் பலருக்குத் தடமே இருக்காது. இமையின் உட்புறத்தில் ஊசிமுனை அளவு ரத்தப்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, "யாராவது கழுத்தைப் பிடித்தார்களா?" என்று காயம்பட்டவரிடம் தனியாகக் கேளுங்கள். மாடிப்படியில் விழுந்தேன் என்று கணவர் முன்னால் சொன்னவர் தனிமையில் வேறு சொல்வதுண்டு.

தையல் போடுமுன் எதைச் சோதிக்க வேண்டும்?

மரப்பு ஊசி போட்ட பிறகு முகநரம்பைச் சோதிக்க முடியாது. ஆகவே முதலில் நெற்றியைச் சுருக்க, கண்ணை இறுக்க மூட, பல்லைக் காட்ட, கன்னத்தை ஊதச் சொல்லுங்கள். கண்ணின் வெளிக்கோணத்திலிருந்து இறங்கும் நேர்கோட்டுக்குக் காதுப்பக்கம் நரம்பு அறுந்திருந்தால் இணைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மறுமுனையை மின்தூண்டலால் கண்டுபிடிக்கலாம். கன்னக் கிழிசலில் தெளிந்த நீர் ஊறினால் எச்சில் குழாய் அறுந்திருக்கிறது. புருவத்தை மழிக்காதீர்கள். உதட்டின் சிவப்பு விளிம்பில் முதல் தையலைப் போட்டு அதை நேராக்கிவிட்டு மற்றதைத் தையுங்கள்.

நாய் முகத்தில் கடித்திருந்தால்?

சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். தோல் கிழிந்த கடி, வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) ஆபத்தில் மிகக் கடுமையான மூன்றாம் வகை. தடுப்பூசியோடு, நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். அதற்கு முன் தைக்கக் கூடாது. முகம் மூளைக்கு அருகில் இருப்பதால் நாளைக்கு என்று தள்ளிவைக்க இடமில்லை.

ஹெல்மெட்டை யார் கழற்றுவது?

இருவர் சேர்ந்து. ஒருவர் கீழேயிருந்து தாடையையும் பிடரியையும் தாங்க, மற்றவர் பக்கங்களை விரித்து மெல்ல உருவ வேண்டும். மோவாயை மூடாத அரை ஹெல்மெட் அணிந்தவரின் மண்டை தப்பியிருந்தாலும் தாடை தப்பியிருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்து சேர்த்தவருக்குப் போலீஸ் தொல்லை வருமா? செலவு யார் தருவது?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு, காயம்பட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம்.

விபத்துப் பதிவேட்டில் எதை விடாமல் எழுத வேண்டும்?

வந்த நேரம், விபத்து நேரம், குரல், இரு கண்களின் பார்வை, கண்மணி, முகநரம்பு, பல் சேர்க்கை, காயத்தின் இடமும் நீளமும். முகத்தை நிரந்தரமாக உருக்குலைப்பதும், எலும்போ பல்லோ முறிவதும் அல்லது இடம்பெயர்வதும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம். அதனால் "பல்லில் காயம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்போது எந்தப் பல், ஆடியதா, உடைந்ததா, விழுந்ததா என்று வழக்கறிஞர் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. "மேல் வலது முன்பல், பாதியில் உடைந்துள்ளது, புதிய உடைவு, ஈறில் ரத்தம்" என்று எழுதுங்கள்.